பரங்கிக்காய்க்குத் தொப்பி!

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் ஸ்ரீபெரும்புதூர் ரஸ்தாவில் நீங்கள் பிரயாணம் செய்ததுண்டா? இல்லையென்றால் ஒரு தடவை அவசியம் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் ஸ்கூட்டரில் மட்டும் போகாதீர்கள்! ஒவ்வொரு தொழிற்சாலையின் வாசலிலும், ஒவ்வொரு லாரி நிற்கும் இடத்திலும், டீக்கடை முகப்பிலும்கூட, வெள்ளைப் பூசணிக்காய்கள் உடைந்து கிடக்கும். குங்குமம் கலந்த சதை வழுக்கும். கண் திருஷ்டியைக் கழிக்கப் போய்க் காலை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. நடுச் சாலையில் உடைக்காதீர்கள் என்று போலீஸார் கேட்டுக்கொள்வதும், நம்மவர்கள் நடுச் சாலையில் உடைப்பதும் வருஷா வருஷம் தவறாமல் நடக்கிற காரியங்கள்.

அன்று நான் அந்த வழியாகப் போனது, உடைந்த பூசணியைப் பார்க்க அல்ல. உடையாத பரங்கிக்காயைப் பார்க்க. காரணம் எங்கள் வீட்டு மொட்டை மாடி.

சொல்லிவிடுகிறேன். சென்ற வருஷம் ஏதோ ஓர் உற்சாகத்தில் மாடியில் இரண்டு பரங்கிக் கொடி வைத்தேன். வைத்தது நான், தண்ணீர் ஊற்றியது என் மனைவி. கொடி அழகாகப் படர்ந்தது. பிறகு இலைகளின் மேல் மாவு தூவியதுபோல் வெள்ளை பூத்தது. கடையில் கேட்டேன், கந்தகத் தூளைத் தூவச் சொன்னார்கள். தாராளமாகத் தூவினேன். நாலாம் நாள் இலைகளெல்லாம் அப்பளம் போல் கருகிவிட்டன. பரங்கி, பூசணிக் குடும்பத்துச் செடிகளுக்குக் கந்தகத் தூள், தாமிரத் தூள் இரண்டுமே ஆகாது என்று வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் குறிப்பில் பிற்பாடுதான் படித்தேன். இலை கருகிய கொடியிலும் மூன்று பிஞ்சு தப்பியிருந்தது. அவை மூன்றும் அழுகி விழுந்தன. "நீங்கள் எழுதிக்கொண்டே இருங்கள், போதும்" என்றாள் என் மனைவி.

அந்தச் சமயத்தில்தான், ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர், "எங்கள் பக்கத்தில் ஓர் அம்மாள் பரங்கிக்காய்க்குத் தொப்பி போட்டு வளர்க்கிறாள், வந்து பார்" என்றார். தொப்பியா? கிளம்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து 40 கிலோமீட்டர் என்பது கணக்கு. எத்தனை மணி நேரம் என்பது அன்றைய லாரிகளின் மனசு. பூந்தமல்லி தாண்டினால் இடது கைப் பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. அப்புறம் இருங்காட்டுக்கோட்டை. இங்கேதான் 1998இல் ஹூண்டாய் கம்பெனியின் முதல் கார் வெளியே வந்தது. அதற்கப்புறம் நோக்கியா வந்தது. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் டெலிபோன் செய்துவிட்டு மூடிக்கொண்டு போயிற்று. ஊருக்குள் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில், 1017இல் இதே ஊரில் பிறந்த ராமாநுஜர் 'தானுகந்த திருமேனி'யாக அமைதியாக வீற்றிருக்கிறார். எத்தனை கம்பெனிகள் வந்து போனால்தான் என்ன!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் போகிற சாலையில் திரும்பினால் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை போட்ட சாப்பாட்டு விடுதிகளைப் பார்க்கலாம். உள்ளே பரங்கிக்காய்க் கஞ்சிகூடக் கிடைக்கலாம். கொரியர்கள் பரங்கியை 'ஹோபாக்' என்கிறார்கள், அதில் கஞ்சி வைத்து விரும்பிச் சாப்பிடுகிறவர்கள். நம் பரங்கிக்காயும் ஒரு காலத்தில் வெளிநாட்டு விருந்தாளிதான். அமெரிக்கக் கண்டத்துக் காய். போர்த்துகீசியர் கப்பல் ஓட்டி வந்ததற்குப் பிறகு வந்து சேர்ந்தது. அதனால்தான் 'பரங்கி' என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சகோதரிகள் இதையே அரசாணிக்காய் என்பார்கள். நேற்று வாசலில் உடைத்தோமே, அந்த வெள்ளைப் பூசணி வேறு ஜாதி. அது ஆசியாவிலேயே பிறந்து வளர்ந்தது.

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு அப்பால், கிளைச் சாலை ஒன்றில் நண்பர் என்னை இறக்கிவிட்டார். ஒரு பக்கம் நீளமான மதில். அதன் மேல் முள் கம்பி. மதிலுக்கு உள்ளே என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. இரவும் பகலும் 'உம்' என்று ஒரு சப்தம் மட்டும் வருகிறது. எதிர்ப்பக்கம் வரிசையாக ஒற்றை அறை வாடகை வீடுகள். ஒவ்வொரு கொடியிலும் ஒரே நிறச் சட்டைகளாகக் காய்கின்றன. இவற்றுக்கு நடுவே ஓட்டு வீடு ஒன்று. வீட்டுக்குப் பின்னால் கொல்லை. கொல்லை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு மாட்டு வண்டியை நெருக்கி நிறுத்தினால் அடைந்துவிடும்.

அம்மாளுக்கு அறுபத்தைந்து வயசிருக்கும். "உக்காருங்க தம்பி" என்று கயிற்றுக் கட்டிலைக் காட்டினார்.

"உங்கள் நிலம் எங்கேம்மா?" என்று கேட்டேன்.

மதில் பக்கம் முகவாயைக் காட்டினார். "அதுக்குள்ளதான் இருக்குது."

தொழிற்பேட்டைக்காக நிலம் போயிற்று, பணம் வந்தது, அதில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. மகனும் மருமகளும் இப்போது ஆளுக்கொரு கம்பெனிக்கு ஆளுக்கொரு ஷிப்ட் போகிறார்கள். மிஞ்சியது இந்தக் கொல்லையும், ஒரு தகர டப்பாவும். டப்பாவுக்குள் பரங்கி விதை. இவர் கல்யாணமாகி வந்த வருஷம் மாமியார் கையில் கொடுத்த விதையின் வம்சம். காய் ஏழெட்டுக் கிலோ தேறும், பட்டை பட்டையாக வரி ஓடும், வேகவைத்தால் கரையாது.

"வெதை கடையில கிடைக்காதா தம்பி, கிடைக்கும். ஆனா இது கிடைக்காது" என்றார்.

கிடைக்கத்தான் செய்யும். கோயம்புத்தூர்ப் பல்கலைக் கழகத்தின் கோ 1 ரகம் பெரிய காய், கோ 2 ஒன்றரை இரண்டு கிலோவுக்கு மேல் போகாத அடக்கமான காய். பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்தார் தந்த அர்கா சந்தன், அர்கா சூர்யமுகி எல்லாம் உண்டு. சூர்யமுகி பழ ஈயைக்கூட ஓரளவு தாங்கும். சின்னக் குடும்பத்துக்கு அவையே சௌகரியம். ஆனால் மாமியார் கொடுத்தது அவற்றில் எதுவும் இல்லையே!

சமாசாரம் என்னவென்றால், போன வருஷம் பழ ஈ விழுந்து ஒரு காய்கூட முற்றவில்லை. ஆகவே விதையும் இல்லை. டப்பாவில் இருந்தது அதற்கும் முந்தின விதை, பதினொன்று. ஆடியில் ஊன்றியதில் முளைத்தது ஐந்து. இரண்டைச் சிவப்பு வண்டு முடித்துவிட்டது. மூன்று கொடி. நான் போன அன்று வரை ஏழு பிஞ்சு பிடித்து, நாலு போய்விட்டது. பாக்கி மூன்று.

அந்த மூன்றும் தொப்பி போட்டுக்கொண்டிருந்தன.

சிரிக்காதீர்கள். மருமகள் வேலை செய்யும் கம்பெனியில் தலைமயிர் விழாமலிருக்க மெல்லிய துணித் தொப்பி மாட்டிக்கொள்ள வேண்டும். ஓரத்தில் எலாஸ்டிக் இருக்கும். ஒரு தரம் போட்டால் அப்புறம் குப்பைதான். அதைத் துவைத்துப் பிஞ்சுக்கு மாட்டியிருந்தார் அம்மாள்! காற்று போகும், ஈ போகாது. காய் பெருக்கப் பெருக்க எலாஸ்டிக்கும் விரிந்து கொடுக்கும். எலுமிச்சை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை ஒரு தொப்பி. அப்புறம் பழைய வேட்டித் துணியில் தைத்த பை.

இந்தத் தொப்பி எதற்கு என்று புரிய வேண்டுமானால் ஈயின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு ஈ மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் செம்மஞ்சள் நிறம், சிறகில் பழுப்புப் பட்டை. பெண் ஈக்கு வாலில் ஊசி. பிஞ்சின் தோல் இளசாக இருக்கும்போது குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். குத்தின இடத்தில் பிசின் மாதிரி ஒரு சொட்டுக் கசிந்திருக்கும், அவ்வளவுதான் அடையாளம். உள்ளே புழு பொரித்துச் சதையைத் தின்னும். காய் கோணி, அழுகி, விழும். விழுந்ததும் புழு துள்ளி மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப் புழுவாகிவிடும். நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று வாரத்துக்குள் புது ஈ கிளம்பிவிடும். தோல் முற்றிவிட்டால் ஊசி அவ்வளவு சுலபமாக இறங்காது. ஆகையால் பூ வாடின இரண்டாம் நாளிலிருந்து தோல் கடினப்படும் வரையில்தான் ஆபத்து. நான் என் பிஞ்சுகளுக்கு மருந்தைத் தேடி அலைந்துகொண்டிருந்தபோது ஈ தன் காரியத்தை முடித்துவிட்டிருந்தது. உள்ளே முட்டை போன பிறகு வெளியே எதைத் தெளித்து என்ன பிரயோஜனம்? வீட்டில் தொப்பிக்கு எங்கே போவது என்பவர்கள் காகிதப் பை மாட்டலாம். மழை வந்தால் மட்டும் மாற்றிவிட வேண்டும்.

"விழுந்த காயை என்ன செய்தீர்கள்?" என்று அம்மாள் என்னைக் கேட்டார்.

"குப்பைக் கூடையில் போட்டு, எருவாகட்டும் என்று செடிக்கே..."

"சரிதான்! ஈ வளத்தீங்க."

நானாவது பரவாயில்லை, நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்கிறோம். அம்மாள் விழுந்ததையெல்லாம் பொறுக்கிக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, ஓட்டின் மேல் வெயிலில் ஒரு வாரம் போட்டுவிடுகிறார். புழு வெந்துபோகிறது. கொடியின் அடிமண்ணையும் அடிக்கடி கிளறிவிடுகிறார். வெயிலுக்கும் மைனாவுக்கும் கூட்டுப் புழு தெரிய வேண்டுமே!

ஆனாலும் ஈ எங்கிருந்து வருகிறது? மதில் பக்கம் காட்டினார். முள் கம்பி முழுவதும் கோவைக் கொடி. சிவப்புச் சிவப்பாகப் பழம். பார்க்க அழகு, ஆனால் பழ ஈக்குக் கோவையும் ஒரு வீடு. "அப்பெல்லாம் ஊர் பூரா காய் இருந்துச்சு. ஈ பிரிச்சுத் தின்னுச்சு. இப்ப இருக்கிறது எங்கூட்டுது மூணு கொடிதானே, எல்லாம் இங்கயே வருது" என்றார். இது அவருடைய சித்தாந்தம். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

இன்னொரு விஷயமும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். விழுகிற பிஞ்செல்லாம் ஈ குத்தியது அல்ல. வெட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே புழு இருந்தால் ஈ. ஒன்றுமில்லாமல் வெறுமே மஞ்சளாகிச் சுருங்கியிருந்தால், பூவுக்கு மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் கோலிக்குண்டு மாதிரி ஒரு குட்டிக் காய் இருக்கும். ஆண் பூ வெறும் காம்பில் நிற்கும். இரண்டும் விடியற்காலையில் மலர்ந்து உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே மூடிக்கொள்ளும். அதற்குள் தேனீ வர வேண்டும். சுற்றிலும் மதிலும் சிமெண்டுமாக இருக்கிற இடத்தில் தேனீ எங்கே தேடிக்கொண்டு வரும்? ஆகவே அம்மாளே காலை ஆறரை மணிக்கு ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் தடவிவிடுகிறார். மொட்டை மாடிக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மார்கழியில் கோலத்துச் சாணிப் பிள்ளையாருக்கு வைக்கப் பூப் பறிக்கும்போதும் ஆண் பூவாகப் பார்த்துப் பறியுங்கள். பெண் பூவைப் பறித்தால் ஒரு கூட்டு போயிற்று!

சிவப்பு வண்டுக்கு அவர் செய்வது ரொம்பச் சுலபம். இரண்டு இலைப் பருவத்தில்தான் அது பொல்லாதது. அதிகாலையில் குளிரில் சோம்பிக் கிடக்கும். கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுகிறார். இலையில் பனி ஈரம் இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவுகிறார். வண்டின் குஞ்சுகள் மண்ணுக்குள்ளிருந்து வேரையும் மண்ணில் படும் காயையும் கடிக்கும். அதனால் ஒவ்வொரு காய்க்கும் அடியில் ஓர் உடைந்த ஓடு, அதன் மேல் கொஞ்சம் வைக்கோல்.

கொல்லைக் கோடியில் தண்ணீர் பாட்டில் ஒன்று தொங்கியது. கிட்டே போனேன், உடனே திரும்பி வந்துவிட்டேன். ஊறின கருவாடு! பாட்டிலின் தோளில் துளைகள். அடியில் சோப்புத் தண்ணீர். உள்ளே இருபது முப்பது ஈக்கள் மிதந்தன. மீன் தூள் வைத்து ஈ பிடிக்கும் முறையைப் பல்கலைக் கழகத்தாரும் சிபாரிசு செய்கிறார்கள். அதில் விஷ மருந்தும் சேர்க்கிற வழக்கம் இருந்தது. வீட்டுக் கொல்லைக்கு அது வேண்டவே வேண்டாம். சைவ வாசகிகள் முகம் சுளிக்க அவசியமில்லை. 'க்யூலூர்' என்று ஒரு வாசனைக் கட்டி விற்கிறார்கள்; பொறிக்குள் தொங்கவிட்டால் ஆண் ஈக்கள் மயங்கி வந்து விழும். ஆண் மட்டும்தான் வரும், குத்துகிற பெண் வராது. ஆகவே பொறி இருக்கிறதே என்று தொப்பியைக் கழற்றிவிடக் கூடாது.

ஜப்பான்காரர்கள் இதே ஈயை ஒகினாவாத் தீவுகளிலிருந்து அடியோடு ஒழித்தார்கள். 1972இல் ஆரம்பித்தார்கள்; 1993இல்தான் முடிந்தது. ஈக்களைக் கதிர்வீச்சால் மலடாக்கி, வாராவாரம் கோடிக்கணக்கில் பறக்கவிட்டார்கள். அம்மாளிடம் இதைச் சொன்னேன். "அத்தினி பேருக்கும் சம்பளம் யார் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

மறுபடி நான் போனது மார்கழிக் கடைசியில். நடுவில் மழைக்காலம் முழுவதும் போய்விட்டது. அந்த மூன்று காய் என்னவாயிற்றோ என்று, உண்மையைச் சொன்னால், எனக்கே கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது.

மூன்றும் முற்றின. ஆனால் பரங்கிக்காயின் கதை கொடியோடு முடிவதில்லை.

முற்றியதா என்று பார்க்க நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். நகம் இறங்கக் கூடாது. காம்பு காய்ந்து தக்கை மாதிரி ஆகியிருக்க வேண்டும். கார்த்திகைக் கடைசியில் மழை நாலு நாள் விட்டதாம். அதைப் பார்த்துக் கத்தியால் மூன்று விரற்கடை காம்பை விட்டு அறுத்திருக்கிறார். திருகிப் பறிக்கவில்லை. கழுவவில்லை, உலர்ந்த துணியால் துடைத்ததோடு சரி. காம்பு அறுத்த இடத்தில் சாம்பல் ஒற்றியிருக்கிறார். பிறகு பத்து நாள் வெந்நீர் அடுப்பு இருக்கும் தாழ்வாரத்தில், அனல் படாமல் கதகதப்பு மட்டும் படுகிற தூரத்தில் வைத்திருக்கிறார். இந்தப் பத்து நாள்தான் முக்கியம். தோல் இறுகுவதும், சின்னச் சின்னக் கீறல்கள் ஆறுவதும் அப்போதுதான். விஞ்ஞானிகளும் 27 முதல் 29 டிகிரி வெப்பத்தில், காற்றோட்டமாகப் பத்து நாள் பதப்படுத்தச் சொல்கிறார்கள். சென்னையில் அந்த வெப்பத்துக்குத் தனியாக ஏற்பாடு எதுவும் வேண்டாம். காற்றோட்டம்தான் வேண்டும்.

இவ்வளவும் செய்து, பள்ளிக்கூடத்துப் பேரன் ஒரு நாள் ஆசையாகக் காயைக் காம்பைப் பிடித்துத் தூக்கினான். காம்பு கையோடு வந்துவிட்டது! காம்பு போன காயில் அந்தக் குழி வழியாக அழுகல் இறங்கும், வைத்திருக்க முடியாது. அதை அந்த வாரமே அறுத்து அக்கம்பக்கத்து வாடகை வீடுகளுக்கெல்லாம் பத்தை போட்டுக் கொடுத்தாயிற்று. வடக்கே எங்கிருந்தோ வந்து தங்கியிருக்கும் பையன்களும் வாங்கிக்கொண்டார்களாம். "அவங்க ஊர்லயும் இது உண்டாம் தம்பி" என்றார்.

இரண்டாவது காயைத் தரையில் வைத்திருந்தபோது எலி கடித்தது. அதுவும் குழம்புக்குப் போயிற்று.

மூன்றாவது உறியில் இருந்தது.

நம் வீடுகளில் உறி போய் எத்தனையோ வருஷமாயிற்று. பிரிமணையாவது இருக்கிறதா? பழைய கயிற்றைச் சுற்றிப் பிரிமணை மாதிரி செய்து அதன் மேல் வைத்தால் அடியிலும் காற்றுப் படும். வெறும் சிமெண்டுத் தரை ஆகாது. ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவதும் ஆகாது. ஆப்பிள், வாழைப்பழக் கூடைக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். முழுக் காயை ரெப்ரிஜிரேட்டரில் வைப்பது நம்மில் பலர் செய்யும் தப்பு. 10 டிகிரிக்குக் கீழே போனால் குளிர் தாக்கிச் சீக்கிரம் கெட்டுவிடும். அறுத்த பத்தையைத்தான் விதையும் நாரும் வழித்து, மூடி, உள்ளே வைக்க வேண்டும். நாலைந்து நாள் தாங்கும். முழுக் காய் வெளியே, நிழலில், உலர்ந்த இடத்தில் இரண்டு மூன்று மாதம் இருக்கும். வாரத்துக்கு ஒரு தரம் அழுத்திப் பார்த்து, எங்கேயாவது மெத்தென்றிருந்தால் அன்றைக்கே சமையலுக்கு எடுத்துவிட வேண்டும். கொஞ்ச நாள் வைத்த காய் புதுக் காயைவிட இனிக்கும். உள்ளிருக்கும் மாவு சர்க்கரையாக மாறுகிறது. பொங்கல் பால் கூட்டுக்குக் கார்த்திகைக் காய் என்று நம் பாட்டிமார் வைத்திருந்ததில் அர்த்தம் இருக்கிறது.

"பொங்கலுக்கு இதை அறுக்கப் போறீங்களாம்மா?" என்று உறியைப் பார்த்துக் கேட்டேன்.

"பொங்கலுக்குக் கடைக் காய். இது தை போகட்டும்."

அறுத்த பிறகும் சில வாரம் காய்க்குள்ளேயே இருந்தால் விதை நன்றாகத் திரளும் என்பது அவர் அனுபவம். விவசாயப் புத்தகங்களும் அதையே சொல்கின்றன. சுற்றுவட்டாரத்தில் வேறு பரங்கிக் கொடி இல்லாததால் தேனீ கொண்டுவந்து கலந்துவிட்டிருக்கும் என்ற பயமும் இல்லை. வயல்களெல்லாம் போனதில் இப்படி ஓர் அனுகூலம்! வெள்ளைப் பூசணி பக்கத்தில் இருந்தாலும் அது இதோடு சேராது.

நான் புறப்படும்போது மதிலுக்கு அப்பால் சங்கு ஊதிற்று. மருமகள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். "தொப்பி ரெண்டு கொண்டாம்மா!" என்று பின்னாலேயே குரல் கொடுத்தார் மாமியார். அடுத்த ஆடிக்கு இப்போதே சேகரம்.

மாசி மாதம் நண்பர் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தால் வெள்ளைத் தொப்பி ஒன்று. உள்ளே எட்டு விதை, தட்டையாக, வெளிறின பழுப்பு நிறத்தில். அந்தக் காயில் நல்ல விதை முந்நூறுக்கு மேல் இருந்ததாகவும், தகர டப்பா போதாமல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டிருப்பதாகவும் சேதி.

எட்டு விதையையும் என் மனைவி வாங்கிச் சாம்பலில் புரட்டி எங்கேயோ வைத்திருக்கிறாள். எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை. கேட்டால், "ஆடி வரட்டும்" என்கிறாள்.